எக்கோல் நொர்மால்: வாத்தியாருக்கு ஒரு பள்ளிக்கூடம்

புதுச்சேரியில் என் வயதுக்காரர்கள் சிலர் 'எக்கோல் நொர்மால்' என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பிரெஞ்சு நாட்டில் ஆசிரியர்களைத் தயார் செய்த பள்ளிகளுக்கு அதுதான் பெயர். ஆங்கில வழியில் படித்தவர்கள் நார்மல் ஸ்கூல் என்பார்கள். சென்னை சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரிகூட 1856-ல் நார்மல் ஸ்கூலாகத் தொடங்கியதுதான். "வாத்தியாரை உண்டாக்குகிற பள்ளிக்கு 'சாதாரணப் பள்ளி' என்றா பேர் வைப்பார்கள்?" என்று எங்கள் அலுவலகத்தில் ஒரு நண்பர் கேலி செய்வார். அந்தச் சொல்லுக்கு வேர் லத்தீனில் இருக்கிறது. 'நொர்மா' என்றால் தச்சரும் கொத்தனாரும் கோணம் சரிபார்க்க வைத்திருக்கிற மூலைமட்டம். மற்றப் பள்ளிகள் கோணாமல் நிற்க, இந்தப் பள்ளியை வைத்துச் சரிபார்த்துக்கொள்ளலாம் என்பது பெயர் வைத்தவர்கள் எண்ணம்.

பதினொன்றிலிருந்து பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்கு, அதாவது நம் கணக்கில் ஆறாவது முதல் எட்டாவது வரை, அறிவியல் சொல்லிக்கொடுக்கிற ஆசிரியரை எப்படி உருவாக்குவது? பிரெஞ்சுக்காரர்கள் இந்தக் கேள்வியோடு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் மல்லுக்கட்டியிருக்கிறார்கள். சில முறை ஜெயித்தார்கள், பல முறை கட்டியதைத் தாங்களே இடித்தார்கள். நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். ஆனால் ஆசிரியர் அல்ல, அரசு அலுவலகத்தில் கோப்பு எழுதி ஓய்வு பெற்றவன். ஒரு குமாஸ்தாவின் கண்ணோடுதான் இந்த வரலாற்றைப் படித்தேன். அதில் கண்டதைச் சொல்கிறேன்.

பேரறிஞர்கள் பாடம் நடத்திய நான்கு மாதம்

பிரெஞ்சுப் புரட்சி நடந்து ஐந்தாண்டு ஆகியிருந்தது. அதுவரை பள்ளிகளைப் பெரும்பாலும் பாதிரிமார்களே நடத்திவந்தார்கள். அந்த ஏற்பாடு குலைந்துபோயிற்று. புதிய குடியரசுக்குப் பள்ளி வேண்டும், பள்ளிக்கு ஆசிரியர் வேண்டும், அந்த ஆசிரியருக்கு ஓர் ஆசிரியர் வேண்டும். 1794 அக்டோபர் 30-ஆம் தேதி தேசியப் பேரவை ஒரு சட்டம் செய்தது. ஒவ்வொரு மாவட்டத்திலிருந்தும் 21 வயது நிறைந்தவர்களைத் தேர்ந்தெடுத்துப் பாரீசுக்கு அனுப்ப வேண்டும். நாட்டின் தலைசிறந்த அறிஞர்கள் அவர்களுக்குப் பாடம் நடத்துவார்கள். படித்தவர்கள் ஊர் திரும்பி, தங்கள் பகுதியில் இதே மாதிரி ஒரு பள்ளி தொடங்கி, உள்ளூர் ஆசிரியர்களைத் தயார் செய்வார்கள். ஒரு விளக்கிலிருந்து பல விளக்கு ஏற்றுவது போன்ற திட்டம்.

1795 ஜனவரி 20-ல், பாரீசின் இயற்கை வரலாற்று அருங்காட்சியக அரங்கில் வகுப்பு தொடங்கியது. மாணவர்கள் சுமார் 1400 பேர். ஆசிரியர்கள் யார் யார் என்று பாருங்கள். கணக்குக்கு லக்ரான்ழ், லப்லாஸ். வடிவியலுக்கு மோன்ழ். வேதியியலுக்கு பெர்த்தொலே. பௌதிகத்துக்கு, படிகங்களை ஆராய்ந்து பேர் பெற்ற அயூயி. இயற்கை வரலாற்றுக்கு தொபாந்தோன், அப்போது அவருக்கு 78 வயது. (பிரெஞ்சு ஓசைக்கு நம் ழகரம்தான் கிட்டத்தில் வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.) இப்படி ஓர் ஆசிரியர் பட்டியல் உலகில் வேறு எந்தப் பள்ளிக்கும் வாய்த்திருக்காது. பேசுவதை ஒரு சொல் விடாமல் எடுக்கச் சுருக்கெழுத்தாளர்களை உட்கார வைத்தார்கள். எடுத்ததை அச்சிட்டு விநியோகித்தார்கள். எங்கள் இனத்தவர் அங்கேயும் இருந்திருக்கிறார்கள் என்று படித்தபோது எனக்குச் சந்தோஷம்தான்.

ஆனால் திட்டம் பலிக்கவில்லை. வந்தவர்களில் சிலர் கூட்டல் கழித்தலுக்கு மேல் அறியாதவர்கள். சிலரோ பின்னாளில் பெரிய கணித அறிஞரான ஃபூரியே போன்றவர்கள். எல்லோருக்கும் ஒரே பேச்சு. அந்தக் குளிர்காலம் கடுமையானது, பாரீசில் ரொட்டிக்கே பஞ்சம். மே 19-ஆம் தேதி பள்ளியை மூடினார்கள். ஊர் திரும்பியவர்களில் பெரும்பாலோர் அங்கே எந்தப் பள்ளியும் தொடங்கவில்லை. பேரறிஞர் பேசக் கேட்பது ஒன்று, பன்னிரண்டு வயதுப் பையன் முன்னால் நிற்பது வேறொன்று. கேட்டவர்கள் கையில் ஒரு கண்ணாடிக் குவளையையும் யாரும் கொடுக்கவில்லை, அவர்கள் முன்னால் ஒரு பிள்ளையையும் யாரும் உட்கார வைக்கவில்லை.

விட்டதைப் பிடித்தது

அடுத்த முயற்சி அடக்கமாகத் தொடங்கியது. 1810-ல் ஜெர்மனி எல்லையிலுள்ள ஸ்திராஸ்பூரில் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கென்று ஒரு நொர்மால் பள்ளி வந்தது. 1833-ல் அமைச்சர் கிசோ கொண்டுவந்த சட்டம், ஒவ்வொரு 'தெப்பர்த்மான்' பகுதியும் இப்படி ஒன்றை நடத்த வேண்டும் என்றது. நன்றாகத்தான் போயிற்று. 1848-ல் மறுபடி புரட்சி. அது அடங்கியதும், கிராமத்து ஆசிரியர்கள்தான் ஊரைக் கெடுத்தார்கள் என்று ஆட்சியாளர்களுக்குச் சந்தேகம். 1850-ல் வந்த ஃபலு சட்டம், வேண்டாத இடத்தில் இப்பள்ளிகளை மூடிக்கொள்ள வழிவிட்டது. அடுத்த ஆண்டு பாடத்திட்டத்தையும் சுருக்கினார்கள். படிப்பு, எழுத்து, கணக்கு, சமயம் இவை கட்டாயம். பௌதிகமும் இயற்கை அறிவியலும் விருப்பப் பாடமாயின. ஆசிரியருக்கு ரொம்பத் தெரிந்தால் ஆபத்து என்று ஓர் அரசு நினைத்தால், முதலில் கை வைப்பது அறிவியல் பாடத்தில்தான் போலும்.

அந்த நிலை மாற ஒரு விஞ்ஞானி வர வேண்டியிருந்தது. அவர் போல் பெர். காற்றழுத்தம் கூடினாலும் குறைந்தாலும் உடம்பு என்ன பாடுபடும் என்று ஆராய்ந்தவர். அரசியலுக்கும் வந்தார். 1879 ஆகஸ்ட் 9-ஆம் தேதிச் சட்டம் அவர் பெயரால்தான் அறியப்படுகிறது. ஒவ்வொரு தெப்பர்த்மானும் ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று என இரண்டு நொர்மால் பள்ளிகளை நான்காண்டுக்குள் நிறுவியாக வேண்டும். 1882-ல் ழூல் ஃபெரியின் கட்டாயக் கல்விச் சட்டம் வந்தபோது, இயற்கை அறிவியலும் பௌதிகமும், விவசாயத்துக்கும் சுகாதாரத்துக்கும் தொழிலுக்கும் அவை எப்படிப் பயன்படும் என்பதும் எல்லாப் பிள்ளைகளுக்கும் பாடமாயின. அதே ஆண்டு போல் பெர் எழுதிய அறிவியல் பாடநூலும் வெளிவந்தது. 1886-ல் அவர் இறந்தது வியட்நாமில், ஹனோயில். பிரெஞ்சு அரசின் பிரதிநிதியாக அங்கே போயிருந்தார்.

நொர்மால் பள்ளி வாழ்க்கை எப்படி இருந்தது? போட்டித் தேர்வில் தேறி, பதினாறு பதினேழு வயதில் உள்ளே போவார்கள். மூன்றாண்டு விடுதி வாசம். படிப்புக்கும் சாப்பாட்டுக்கும் அரசு செலவு. பதிலுக்குப் பத்தாண்டு ஆசிரியர் வேலை பார்ப்பேன் என்று கையெழுத்துப் போட வேண்டும். ஏழை விவசாயி மகனுக்கும் தொழிலாளி மகளுக்கும் மேலே ஏற அது ஓர் ஏணி.

இந்த ஏற்பாட்டில் இரண்டு விஷயங்கள் என்னைக் கவர்ந்தன. ஒன்று, 'எக்கோல் அன்னெக்ஸ்'. நொர்மால் பள்ளியை ஒட்டியே பிள்ளைகள் படிக்கிற ஓர் அசல் பள்ளி இருக்கும். பயிற்சி மாணவர் அங்கே போய்ப் பாடம் நடத்துவார். அனுபவமுள்ள ஆசிரியர் பின்னால் உட்கார்ந்து பார்ப்பார். மணி அடித்த பிறகு, எங்கே தடுமாறினாய், எந்தப் பிள்ளைக்குப் புரியவில்லை, கேள்வியை ஏன் நீயே கேட்டு நீயே பதில் சொன்னாய் என்று பிரித்து மேய்வார்கள். நம் பெரியவர்கள் நாதஸ்வரம் சொல்லிக்கொடுத்த முறையும் இதுதானே! சீடன் வாசிப்பான், குரு பக்கத்தில் உட்கார்ந்து கேட்பார்.

இரண்டாவது, 'லெசோன் தெ ஷோஸ்'. பொருளைக் காட்டி நடத்தும் பாடம், பொருட்பாடம் என்று சொல்லலாம். ஒரு விதை, ஒரு கட்டி உப்பு, ஓர் இரும்பு ஆணி. முதலில் பொருள், பிறகு அதைப் பற்றிய பேச்சு, கடைசியில்தான் புத்தகம். இம்முறையைப் பிரான்சில் பரப்பியவர்களில் முக்கியமானவர் மரி பப்-கர்ப்பாந்தியே என்ற பெண்மணி. 1867-ல் பாரீசில் உலகக் கண்காட்சி நடந்தபோது, சொர்போனில் ஆசிரியர்களைக் கூட்டி இதைப் பற்றி உரை நிகழ்த்தினார்.

தொடக்கப்பள்ளி முடித்த பிள்ளைகளில் மேலே படிக்க விரும்பியவர்களுக்கு 'எக்கோல் பிரிமேர் சுபேரியர்' என்றும், 'கூர் கொம்ப்ளெமாந்தேர்' என்றும் வகுப்புகள் இருந்தன. நம் நடுநிலைப் பள்ளிக்கு ஒப்பானவை அவை. கையால் செய்து பார்க்கும் அறிவியல் சாமானிய வீட்டுப் பிள்ளைகளுக்குக் கிடைத்தது இங்கேதான்.

செவ்ரில் மரி கியூரி

பெண்களுக்கு உயர்நிலைக் கல்வி தரும் சட்டம் 1880-ல் வந்தது. அந்தப் பள்ளிகளுக்கு ஆசிரியைகள் வேண்டுமே! அதற்காக மறு ஆண்டு பாரீசை அடுத்த செவ்ரில் பெண்களுக்கென்று ஓர் உயர் நொர்மால் பள்ளி தொடங்கினார்கள். பழைய பீங்கான் தொழிற்சாலைக் கட்டடம்தான் இடம். 1900-ல் அங்கே பௌதிகம் நடத்த ஒரு பெண்மணியை நியமித்தார்கள். போலந்தில் பிறந்தவர், வயது 33 நிரம்பவில்லை. பெயர் மரி கியூரி.

ரேடியம் கண்டுபிடித்த கியூரியைத் தெரியும். ஆசிரியைகளுக்கு ஆசிரியையாக இருந்த கியூரியைப் பலருக்குத் தெரியாது. ஒரு பக்கம் டன் கணக்கில் தாதுவைக் காய்ச்சி ரேடியத்தைப் பிரிக்கிற வேலை. இன்னொரு பக்கம் வாரந்தோறும் செவ்ருக்குப் போய் வருவது. அதுவரை அங்கே பௌதிகம் என்றால் மேடையில் ஆசிரியர் செய்து காட்டுவார், மாணவிகள் குறிப்பெடுப்பார்கள். கியூரி அதை மாற்றினார். கருவியை மாணவிகள் கையிலேயே கொடுத்தார். அளப்பதும் அவர்கள்தான், பிழை வந்தால் தேடுவதும் அவர்கள்தான். 1903-ல் அவர் டாக்டர் பட்டத்துக்காகச் சொர்போனில் நின்று பதில் சொன்னபோது, செவ்ர் மாணவிகள் திரண்டு போய்ப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். அதே ஆண்டு நோபல் பரிசும் வந்தது. அதற்கப்புறமும் 1906 வரை அந்த வேலையை அவர் விடவில்லை.

பிறகு நடந்ததும் சுவையானது. 1907-லிருந்து இரண்டு ஆண்டு, கியூரியும் நண்பர்களும் சேர்ந்து தங்கள் பிள்ளைகளுக்குத் தாங்களே பாடம் நடத்தினார்கள். பௌதிகம் கியூரி, வேதியியல் ழான் பெரென், கணக்கு போல் லான்ழ்வென். காலியாகத் தெரிகிற பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது என்பது மாதிரிக் கேள்விகளிலிருந்து பாடம் கிளம்பும். அதில் படித்த இசபெல் ஷவான் என்ற சிறுமி எழுதி வைத்த குறிப்பேடு பத்திரமாக இருந்து, 2003-ல் புத்தகமாக வந்திருக்கிறது. உலகின் மிகப் பெரிய விஞ்ஞானி பிள்ளைகளிடம் எப்படிப் பேசினார் என்பதை அதில் பார்க்கலாம். பெரிய சொல் அதிகம் இல்லை, கேள்வி நிறைய.

செவ்ரில் கியூரியிடம் படித்தவர்களில் ஒருவர் எழெனி ஃபெத்தி. திருமணத்துக்குப் பின் எழெனி கொத்தோன். 1936-ல் அவரே செவ்ர் பள்ளிக்குத் தலைவியானார். சங்கிலி அறுபடவில்லை என்று தோன்றுகிறதல்லவா? பொறுங்கள்.

1940

ஜெர்மன் படையிடம் பிரான்ஸ் தோற்று, விஷியில் மார்ஷல் பெத்தேன் ஆட்சி அமைத்தார். தோல்விக்குக் காரணம் தேடியபோது அவர்கள் கண்ணில் பட்டவர்களில் பள்ளி ஆசிரியர்களும் உண்டு. பதவிக்கு வந்து மூன்று மாதம் ஆகுமுன்பே, 1940 செப்டம்பர் 18-ஆம் தேதிச் சட்டத்தால் நொர்மால் பள்ளிகளை ஒழித்தார்கள். ஆசிரியராக வேண்டியவர்கள் லிசேக்குப் போய் பக்கலோரெயா முடித்தால் போதும், பிறகு கொஞ்ச காலம் தொழில் பயிற்சி. மறு ஆண்டு எழெனி கொத்தோனையும் செவ்ரிலிருந்து விலக்கினார்கள். நாடு விடுதலையான பிறகுதான் நொர்மால் பள்ளிகள் மறுபடி உயிர் பெற்றன.

ஒரு நாடு போரில் தோற்று, ரொட்டிக்கு அட்டை கொடுத்துக்கொண்டிருக்கும் நேரத்தில், ஆசிரியர் பயிற்சிப் பள்ளியை மூடுவது ஏன் இவ்வளவு அவசரமாகப் பட்டது? அதை நினைத்துப் பார்த்தால் அந்தப் பள்ளிகளின் வலிமை விளங்கும்.

எங்கள் முசியே

இந்த இடத்தில் எங்கள் ஊரைக் கொஞ்சம் சொல்லலாம். 1954 நவம்பர் 1-ல் ஆட்சி கை மாறிய பிறகும் இங்கே பிரெஞ்சு வழிப் படிப்பு தொடர்ந்தது. 1960-களின் தொடக்கத்தில் எங்களுக்கு அறிவியல் நடத்திய முசியே ஒரு தமிழர். பெரிய பட்டம் எதுவும் இல்லை, பழைய 'பிரவே' படிப்புதான். ஆனால் பொருட்பாட முறை அவருக்கு ரத்தத்தில் ஊறியிருந்தது.

ஒரு நாள் தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவில் மெழுகுவர்த்தி ஏற்றி, மேலே கண்ணாடிக் குவளையைக் கவிழ்த்தார். சுடர் அணைந்தது, தண்ணீர் உள்ளே ஏறியது. நம்மில் பலரும் இதைச் செய்திருப்போம். காற்றில் ஐந்தில் ஒரு பங்கு பிராணவாயு, அது எரிந்து தீர்ந்துவிட்டது, அந்த இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொண்டது என்று பல புத்தகங்கள் எழுதிவிட்டுப் போய்விடும். எங்கள் முசியே அப்படி விடவில்லை. "தண்ணீர் எப்போது ஏறியது? சுடர் எரியும்போதா, அணைந்த பிறகா?" என்று கேட்டார். எங்களில் யாருக்கும் தெரியவில்லை. மறுபடி செய்தார். பார்த்தோம். பெரும்பாலும் அணைந்த பிறகுதான் ஏறியது. பிறகு மூன்று மெழுகுவர்த்தி வைத்தார். தண்ணீர் இன்னும் உயரமாக ஏறியது. அதே குவளை, அதே காற்று. பிராணவாயு மட்டுமே காரணம் என்றால் கூடுதலாக ஏறுவானேன்? சூட்டில் விரிந்த காற்று சுடர் அணைந்ததும் குளிர்ந்து சுருங்குகிறது, அதனால்தான் தண்ணீர் பெரிதும் ஏறுகிறது என்பதை நாங்களே கண்டுபிடிக்க வைத்தார்.

பாடம் தொடங்குமுன், மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவர் தனியாக உட்கார்ந்து அதைச் செய்து பார்த்துக்கொண்டிருந்ததை நாங்கள் ஜன்னல் வழியே பார்த்திருக்கிறோம். எத்தனை ஆண்டு நடத்தியிருந்தாலும் அந்தப் பழக்கம் அவரை விடவில்லை. தன் கையால் செய்து பார்க்காத ஆசிரியர் புத்தகத்திலுள்ள பிழையை அப்படியே பிள்ளைகளுக்குக் கடத்துவார். செய்து பார்த்தவருக்குத்தான் எந்த இடத்தில் கேள்வி கேட்க வேண்டும் என்று தெரியும்.

பின்னாளில்

பிரான்சில் அதற்குப் பின் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1959-ல் கட்டாயக் கல்வியை 16 வயது வரை உயர்த்த முடிவானது. நடுநிலைக்குப் பிள்ளைகள் வந்து குவிந்தார்கள். ஆசிரியர் போதவில்லை. 1969-ல் 'கொலேழ்' பள்ளிகளுக்கென்றே இரண்டு பாடம் நடத்தும் ஆசிரியர் பிரிவு ஒன்றை உண்டாக்கினார்கள். ஆரம்ப ஆசிரியராக இருந்து மேலே வந்தவர்கள் அதில் பலர். பல்கலைக்கழகப் பட்டம் பெற்று வந்தவர்கள் இவர்களைக் கொஞ்சம் இளக்காரமாகப் பார்த்ததும் உண்டு. 1980-களின் பிற்பாதியில் அப்பிரிவுக்கு ஆள் எடுப்பதை நிறுத்தினார்கள். 1989 சட்டத்தால் நொர்மால் பள்ளிகள் போய், பல்கலைக்கழகத்தை ஒட்டிய பயிற்சி நிறுவனங்கள் வந்தன. 2013-ல் அவற்றுக்கு ஒரு பெயர், 2019-ல் வேறொரு பெயர். 2010-ல் முழுச் சம்பளத்தோடு இருந்த பயிற்சி ஆண்டையே எடுத்துவிட்டு, புதியவர்களை நேரே வகுப்புக்கு அனுப்பிப் பார்த்தார்கள். கூச்சல் கிளம்பவே திரும்பக் கொண்டுவந்தார்கள்.

நடுவில் ஒரு நல்ல காரியம் நடந்தது. 1992-ல் பௌதிகத்துக்கு நோபல் பரிசு பெற்றவர் ழோர்ழ் ஷர்பாக். அவரும் போலந்து மண்ணில் பிறந்தவர், இளம் வயதில் நாஜிகளின் டக்காவ் முகாமில் அடைபட்டுத் தப்பியவர். சிக்காகோவில் ஏழைப் பிள்ளைகள் பள்ளியில் கையால் செய்து கற்கும் அறிவியலைப் பார்த்துவிட்டு வந்து, 1996-ல் பிரான்சில் 'லா மேன் அ லா பாத்' என்ற இயக்கத்தைத் தொடங்கினார். நேர்ப் பொருள், மாவுக்குள் கை. பிசைந்தால்தான் ரொட்டி! முதலில் தொடக்கப்பள்ளியில். 2006-லிருந்து கொலேழின் முதல் இரண்டு வகுப்புகளிலும் பௌதிகம், உயிரியல், தொழில்நுட்பம் மூன்றையும் ஒரே பாடமாகச் சேர்த்து நடத்திப் பார்த்தார்கள். விஞ்ஞானிகள் ஆசிரியர்களோடு உட்கார்ந்து சோதனை செய்தார்கள். 1795-ல் விட்டுப்போன அந்தக் கண்ணாடிக் குவளை இருநூறு ஆண்டு கழித்து ஆசிரியர் கைக்கு வந்து சேர்ந்தது.

நர்மதைக் கரையில்

இதெல்லாம் பணக்கார நாட்டு விஷயம் என்று சொல்பவர்களுக்காக, நம் நாட்டிலேயே நடந்த ஒன்று. 1972-ல், மத்தியப் பிரதேசத்தில் ஓஷங்காபாத் மாவட்டத்தில், கிஷோர் பாரதி என்ற அமைப்பும் ரசூலியாவிலுள்ள ஃப்ரெண்ட்ஸ் ரூரல் சென்டரும் சேர்ந்து, 16 நடுநிலைப் பள்ளிகளில் அறிவியல் கற்பிக்கும் முறையையே மாற்ற அரசு அனுமதி பெற்றன. மும்பை டாட்டா ஆராய்ச்சி நிலையத்திலிருந்தும் டில்லிப் பல்கலைக்கழகத்திலிருந்தும் விஞ்ஞானிகள் ஊர்ப்புற ஆசிரியர்களோடு தரையில் உட்கார்ந்தார்கள். கோடை விடுமுறையில் சுமார் மூன்று வாரம் பயிற்சி. ஆசிரியர் அங்கே மாணவர். ஆறாம் வகுப்புப் பிள்ளை செய்ய வேண்டிய ஒவ்வொரு சோதனையையும் அவரே குழுவில் சேர்ந்து செய்ய வேண்டும், அளக்க வேண்டும், பக்கத்துக் குழுவின் அளவு ஏன் வேறாக வந்தது என்று வாதாட வேண்டும். பிறகு பள்ளி நடக்கும் மாதங்களில் மாதம் ஒரு முறை கூடி, வகுப்பில் வந்த சிக்கலைப் பேச வேண்டும். பிள்ளைகளுக்குத் தேர்வில் புத்தகத்தைத் திறந்து பார்க்கலாம், செய்முறையும் உண்டு.

கருவிகள் விலை மலிவானவை. லாரிக் கம்பெனியில் இன்ஜினியராக இருந்த அரவிந்த் குப்தா 1978-ல் விடுப்பு எடுத்துக்கொண்டு அங்கே போனார். தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு டியூப் துண்டையும் சேர்த்து அவர் செய்த வடிவங்கள் பிறகு நாடெங்கும் பரவின. அதே 1978-ல் திட்டம் மாவட்டம் முழுவதற்கும் போயிற்று. 1982-ல் பிறந்த ஏகலவ்யா அமைப்பு அதை ஏற்று நடத்தி, பல மாவட்டங்களுக்குக் கொண்டுபோனது. 2002-ல் மாநில அரசு நிறுத்திவிட்டது. முப்பது ஆண்டு உழைப்பு ஓர் உத்தரவில் முடிந்தது.

ஒரு குமாஸ்தாவின் கணக்கு

1795, 1850, 1940, 2002, 2010. இந்த ஆண்டுகளை வரிசையாக எழுதிப் பார்த்தேன். காரணம் வெவ்வேறு. பஞ்சம், அரசியல் பயம், பழி தீர்த்தல், செலவுக் குறைப்பு. ஆனால் வெட்டு விழுந்த இடம் ஒன்றுதான். ஏன் என்று நான் பார்த்த வேலையை வைத்து யோசித்தால் புரிகிறது. பள்ளிக்கூடம் கட்டினால் அடிக்கல் உண்டு, திறப்பு விழா உண்டு, கல்வெட்டில் பெயர் உண்டு. ஓர் ஆசிரியருக்கு ஒரு வருடம் நிதானமாகப் பயிற்சி கொடுத்தால் எந்தக் கல்வெட்டும் கிடையாது. பலன் பத்தாண்டு கழித்து, யாரோ ஒரு பிள்ளையின் தலைக்குள் தெரியும். பட்ஜெட் கோப்பில் கைவைக்க மிக வசதியான இனம் அதுதான்.

பயிற்சிக்குப் போய்வந்தவர்களின் பயணப்படி பில்லை நானே எத்தனையோ முறை சரிபார்த்திருக்கிறேன். மூன்று நாள் பயிற்சி என்றால் வருகைப் பதிவேட்டில் காலை மாலைக் கையெழுத்து, தேநீர்ச் செலவு, சான்றிதழ் நகல் எல்லாம் ஒழுங்காக இருக்கும். அந்த மூன்று நாளில் ஒரு சோதனைக்குழாய் வாங்கியதற்கான ரசீதை நான் பார்த்த ஞாபகம் இல்லை.

இன்று ஆறாவது முதல் எட்டாவது வரை அறிவியல் நடத்த, பட்டமும் பி.எட்.டும் முடித்து ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாளில் தேற வேண்டும். 150 கேள்வி. அதில் கணக்குக்கும் அறிவியலுக்கும் 60. எல்லாம் நான்கு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது. எங்கள் தெருவில் மூன்று பிள்ளைகள் இதற்காக இரவு பகலாகப் படிக்கிறார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகள். மெழுகுவர்த்திச் சோதனையைப் பற்றிக் கேட்டேன். மூவரும் பிராணவாயு என்றார்கள். செய்து பார்த்திருக்கிறீர்களா என்றேன். ஒருவரும் இல்லை. குற்றம் அவர்களுடையது அல்ல, யாரும் அவர்கள் கையில் குவளையைக் கொடுக்கவில்லை. 2015-லிருந்து பி.எட். இரண்டாண்டு ஆனது நல்லதுதான். அந்தக் கூடுதல் ஆண்டு எதில் கழிகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

அரசு செய்ய வேண்டியதை அரசு செய்யட்டும். நம்மால் ஆவது ஒன்று இருக்கிறது. இதைப் படிக்கிறவர்களில் ஓய்வு பெற்ற அறிவியல் ஆசிரியர்கள் பலர் இருப்பீர்கள். முப்பது ஆண்டு, முப்பத்தைந்து ஆண்டு வகுப்பில் நின்றவர்கள். பக்கத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளை யாராவது இருந்தால், தலைமை ஆசிரியரிடம் அனுமதி கேட்டு, வாரம் ஒரு பீரியட் பின் பெஞ்சில் போய் உட்காருங்கள். முன்னால் போய் நடத்த வேண்டாம், பார்த்தால் போதும். மணி அடித்த பிறகு மரத்தடியில் பத்து நிமிடம் பேசுங்கள். போகும்போது ஒரு தட்டு, ஒரு கண்ணாடிக் குவளை, மூன்று மெழுகுவர்த்தி கொண்டுபோக மறக்காதீர்கள்.